பழைய மடிக்கணினி: மேம்படுத்துவதா, மாற்றுவதா?

படிவம் ஆறிலோ கல்லூரியிலோ காலடி எடுத்து வைக்கும் மாணவர்களுக்கு இன்று மடிக்கணினி இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஆயினும், எல்லாக் குடும்பங்களாலும் புதிய கணினி வாங்க இயலுவதில்லை. அண்ணனோ அக்காளோ பயன்படுத்திய மடிக்கணினி, தம்பி தங்கையின் கைக்கு வந்து சேர்வது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. அக்கணினி திரையைக் காட்டவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கங்களைத் திறந்தால் திணறும். விசிறி ஓயாமல் இரையும்.

அதனைக் கணினிக் கடைக்குக் கொண்டு சென்றால், "எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் புதிது போல ஓடும்" என்று கடைக்காரர் சொல்கிறார். விவரமறிந்த உறவினரோ, "இந்த மாடலில் தாய்ப்பலகை பழுதாகிவிடும் என்று கேள்வி. இதில் காசைக் கொட்டாதே" என்று எச்சரிக்கிறார். இருவர் கூற்றும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இங்கு எழும் சிக்கலாகும். இரண்டும் உண்மையானால், எதன்படி முடிவெடுப்பது?

முதுமையும் பிறவிக் குறையும்

பழைய மடிக்கணினியில் காணப்படும் தொல்லைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை முதுமையால் வருவது. மின்கலத்தின் ஆற்றல் குறைதல், காற்றுத் துவாரங்களில் தூசி அடைதல், வன்தட்டு தேய்தல், திரையைத் தாங்கும் கீல் தளர்தல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை எல்லா மடிக்கணினிகளுக்கும் பொதுவானவை. பழுதான உறுப்பை மாற்றினால் பெரும்பாலும் தொல்லை நீங்கிவிடும்.

இரண்டாம் வகை பிறவிக் குறை. குறிப்பிட்ட ஒரு மாடலின் வடிவமைப்பிலோ அதில் பயன்படுத்தப்பட்ட பொருளிலோ தொடக்கத்திலிருந்தே இருக்கும் பலவீனம் இது. கணினி புதிதாக இருக்கும்போது இக்குறை வெளியே தெரியாது. சில ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். வேறு உறுப்புகளை எத்தனை முறை மாற்றினாலும் இக்குறை அப்படியே இருக்கும்.

கடைக்காரர் பேசுவது முதல் வகையைப் பற்றி. உறவினர் பேசுவது இரண்டாம் வகையைப் பற்றி. இவ்வேறுபாட்டை உணர்ந்துகொண்டாலே முடிவெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

கணினி மெதுவாவது ஏன்?

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் தரவுகளைச் சேமிக்க வன்தட்டு பயன்படுத்தப்பட்டது. அதனுள் வட்டத் தகடு ஒன்று பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். தேவையான தரவு இருக்கும் இடத்திற்கு ஒரு சிறிய முனை நகர்ந்து சென்று அதனைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இதற்குச் சராசரியாகப் பத்து மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். இது மிகக் குறுகிய நேரமாகத் தோன்றலாம். ஆனால், கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியுள்ளது. 5,000 முறை படித்தால் 50 விநாடிகளுக்கு மேல் காத்திருப்பிலேயே கழிந்துவிடும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டில் சுழலும் தகடும் இல்லை. நகரும் முனையும் இல்லை. தரவுகள் மின்னணுச் சில்லுகளில் பதிவாகின்றன. ஒரு முறை படிக்க ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடியின் பத்தில் ஒரு பங்கே தேவைப்படும். அதே 5,000 முறைக்கு அரை விநாடிதான் ஆகும். எனவே, "புதிது போல ஓடும்" என்ற கடைக்காரரின் சொல் வெறும் விளம்பரமன்று.

ரேம் எனப்படும் முதன்மை நினைவகமும் கவனிக்கத்தக்கது. கணினி அந்நேரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலையை அதில்தான் வைத்திருக்கும். நினைவகம் நிறைந்துவிட்டால், மிகுந்ததைக் கணினி வட்டில் எழுதி வைத்து, தேவைப்படும்போது மீண்டும் எடுக்கும். மேசையில் இடம் போதாமல், புத்தகங்களை அலமாரிக்கும் மேசைக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைவதைப் போன்றது இது. 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இணையப் பக்கங்கள் சிலவற்றைத் திறந்தாலே இந்நிலை ஏற்படும். 8 ஜிபி இருந்தால் மாணவர்களின் பெரும்பாலான வேலைகளுக்கு அது போதுமானது.

வெப்பமும் வேகத்தைக் குறைக்கும். செயலி அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தையின் மீது மடிக்கணினியை வைத்துப் பயன்படுத்தினால் காற்றுத் துவாரங்கள் அடைபடும். விசிறியில் படிந்த தூசியை அகற்றி, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தால் வெப்பம் தணியும். குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் வேலை இது.

மேம்பாட்டால் தீராத குறை

பிறவிக் குறை எவ்வாறு உருவாகிறது என்பதைக் கணினி வரலாற்றில் நடந்த சில நிகழ்வுகள் விளக்குகின்றன.

2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், என்விடியா நிறுவனம் தன்னுடைய முந்தைய தலைமுறை வரைகலைச் சில்லுகள் சிலவற்றின் பொதிப்புப் பொருளில் பலவீனம் இருப்பதாக அறிவித்தது. அச்சில்லுகள் பல நிறுவனங்களின் மடிக்கணினிகளில் பொருத்தப்பட்டிருந்தன. பழுதுபார்ப்புச் செலவுகளை ஈடுசெய்ய 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டாலர் வரை அந்நிறுவனம் ஒதுக்கியது.

ஆப்பிள் நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு 15 அங்குல, 17 அங்குல மேக்புக் புரோ கணினிகளும் இத்தகைய தொல்லைக்கு உள்ளாயின. திரையில் கோடுகள் விழுந்தன, படம் சிதைந்தது, கணினி திடீரென அணைந்து மீண்டும் தொடங்கியது. 2011 முதல் 2013 வரை விற்கப்பட்ட சில மாடல்களுக்கு, 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனம் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அத்திட்டம் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே நடைமுறையில் இருந்தது.

2011ஆம் ஆண்டின் அக்கணினிகளில் வட்டையும் நினைவகத்தையும் எளிதில் மாற்ற முடியும். எஸ்.எஸ்.டி. பொருத்தியவுடன் அவை விரைந்து இயங்கின. ஆயினும், வரைகலைச் சில்லு தாய்ப்பலகையோடு நிலையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. வேகம் கூடினாலும் அச்சில்லின் ஆயுள் கூடவில்லை. மேம்பாட்டிற்குச் செலவிட்டவரின் கணினியும் செலவிடாதவரின் கணினியும் ஒரே வகைப் பழுதுக்கு உள்ளாயின.

இத்தகைய பழுதுக்குப் பின்னால் எளிய அறிவியல் உள்ளது. கணினி வேலை செய்யும்போது சில்லு சூடாகி விரிகிறது. அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. சில்லில் உள்ள சிலிக்கானைவிட, அதனைத் தாங்கும் பலகை பல மடங்கு அதிகமாக விரியக்கூடியது. இரண்டையும் இணைப்பவை பற்றாசினாலான நுண்ணிய உருண்டைகள். இரு புறமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, இடையில் இருக்கும் இணைப்பு இழுபடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் முறிவதைப் போல, இணைப்பிலும் விரிசல் விழுகிறது.

பழுதான சில்லை வெப்பக் காற்றால் சூடாக்கினால், சில வேளைகளில் கணினி மீண்டும் உயிர் பெறும். இது தற்காலிகத் தீர்வே. சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே பழுது திரும்பிவிடுவதுண்டு. இப்படிச் சூடாக்கிச் சரிசெய்த கணினியில் மேற்கொண்டு பணம் போடுவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

எல்லாப் பிறவிக் குறைகளும் இவ்வளவு கடுமையானவை அல்ல. 2015 முதல் சில ஆண்டுகள் வெளிவந்த ஆப்பிள் மடிக்கணினிகளின் மெல்லிய விசைப்பலகையில் எழுத்துகள் விழாமலோ இரண்டு முறை விழுந்தோ தொல்லை கொடுத்தன. அதற்காக 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தனிப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எரிச்சலூட்டும் குறைதான், என்றாலும், வெளி விசைப்பலகை ஒன்றை இணைத்தால் வேலை தொடரும். தாய்ப்பலகை பழுதானாலோ எல்லாமே நின்றுவிடும். ஆகவே, "குறை உண்டா?" என்று கேட்பதோடு, "அந்தக் குறை வந்தால் வேலை நின்றுவிடுமா?" என்றும் கேட்பது தேவையாகிறது.

கேள்விப்பட்டதை எடைபோடுதல்

ஒரு மாடலைப் பற்றிய குறைகளைக் கேள்விப்படும்போது நிதானமும் தேவை. பழுதால் பாதிக்கப்பட்டவர் பலரிடம் முறையிடுவார். பழுதில்லாமல் பயன்படுத்துபவர் வாய் திறவாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே, காதில் விழும் முறையீடுகளை மட்டும் வைத்து அந்த மாடல் முழுவதும் பயனற்றது என்று முடிவு கட்டிவிட முடியாது. உற்பத்தி நிறுவனமே பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்திருந்தால், அது வலுவான சான்றாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. "இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டது, இனிப் பழுதாகாது" என்ற எண்ணமும் தவறானது. விரிந்து சுருங்குவதால் ஏற்படும் தளர்ச்சி நாளுக்கு நாள் கூடுகிறதே தவிர, குறைவதில்லை. திரையில் கோடுகள், நிறமாற்றம், காரணமின்றி அணைதல் போன்ற அறிகுறிகள் ஏற்கெனவே தோன்றியிருந்தால், மேம்பாட்டைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

திருக்குறளின் 47ஆவது அதிகாரம் தெரிந்துசெயல்வகை. ஒரு செயலால் இழப்பது எது, பெறுவது எது, இறுதியில் மிஞ்சுவது எது எனச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்லியே அவ்வதிகாரம் தொடங்குகிறது. மடிக்கணினிக்கும் அவ்வழி பொருந்தும்.

படிவம் ஆறு மாணவி ஒருத்திக்கு அவளுடைய அண்ணனின் மடிக்கணினி கிடைக்கிறது எனக் கொள்க. அம்மாடலில் தாய்ப்பலகை பழுதாவதுண்டு என்பது தெரிந்த செய்தி. ஆனால், அவளுடைய கணினியில் இதுவரை அத்தகைய அறிகுறி எதுவுமில்லை. எஸ்.எஸ்.டி.க்கு 200 ரிங்கிட், நினைவகத்திற்கு 100 ரிங்கிட், தூசி அகற்றி வெப்பப் பசை இடக் கூலி 60 ரிங்கிட் என மொத்தம் 360 ரிங்கிட் செலவாகும். புதிய மடிக்கணினியின் விலை 2,400 ரிங்கிட். இவை கணக்கை விளக்குவதற்காகக் கொண்ட விலைகள். கடைக்குக் கடை மாறுபடும்.

புதிய கணினி ஐந்தாண்டுகள் உழைத்தால், அதன் செலவு மாதத்திற்கு 40 ரிங்கிட். பழைய கணினிக்குச் செலவிடும் 360 ரிங்கிட்டை 40ஆல் வகுத்தால் 9 கிடைக்கும். அதாவது, பழைய கணினி இன்னும் ஒன்பது மாதங்கள் ஓடினாலே போட்ட பணத்திற்கு ஈடாகிவிடும். இரண்டாண்டுகள் ஓடினால் மாதச் செலவு 15 ரிங்கிட்தான். மூன்றே மாதங்களில் பழுதானாலோ, மாதச் செலவு 120 ரிங்கிட்டாக உயர்ந்துவிடும்.

இங்கே மற்றொரு கேள்வி எழுகிறது. கணினி பழுதானால், அதில் போட்ட பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? தாய்ப்பலகை பழுதானாலும் எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, சிறிய உறையில் இட்டு, வெளிவட்டாகப் பயன்படுத்தலாம். பொருத்தமான வேறு கணினியிலும் போடலாம். நினைவகத்தின் நிலை வேறு. பழைய கணினிகளின் டி.டி.ஆர். 3 நினைவகம், டி.டி.ஆர். 4 கணினிகளில் பொருந்தாது. கூலியாகக் கொடுத்த பணமோ திரும்பி வராது.

எனவே, எஸ்.எஸ்.டி.யின் 200 ரிங்கிட்டைக் கழித்துவிட்டால், உண்மையில் இழக்க நேரிடுவது 160 ரிங்கிட்டே. நான்கு மாதங்கள் ஓடினால் அது ஈடாகிவிடும். எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாற்றித் தூசி அகற்றினால், இழப்பு 60 ரிங்கிட்டாகக் குறைகிறது. ஒன்றரை மாதத்தில் அதுவும் ஈடாகும்.

இக்கணக்கைப் பார்க்கும் மாணவி எடுக்கக்கூடிய முடிவு தெளிவானது. முதலில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தித் தூசியை அகற்றுவாள். சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்து, நினைவகம் அடிக்கடி நிறைந்தால் மட்டுமே அதனைக் கூட்டுவாள். கணினி ஓடும் ஒவ்வொரு மாதமும் 40 ரிங்கிட்டை எடுத்து வைப்பாள். ஓராண்டு ஓடினால் 480 ரிங்கிட் சேர்ந்திருக்கும். பழைய கணினியை மேம்படுத்துவது, இவ்வழியில், புதிய கணினிக்குச் சேமிக்கும் கால அவகாசத்தை வாங்குவதாக அமைகிறது.

முதலில் கோப்பு, பிறகு கணினி

பணக் கணக்கில் அடங்காத இழப்பு ஒன்றுண்டு. எஸ்.டி.பி.எம். பாடங்களில் மாணவர்கள் தாமே ஆய்வு செய்து ஒப்படைக்க வேண்டிய பாடப்பணிகள் உள்ளன. பல வாரங்கள் உழைத்து எழுதிய ஆய்வு, ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் கணினியோடு சேர்ந்து முடங்கிப்போனால், அதற்கு எந்த விலையைப் போடுவது?

ஆகவே, பிறவிக் குறையுள்ள கணினியைப் பயன்படுத்த முடிவு செய்பவர், ஒரு ரிங்கிட் செலவிடுவதற்கு முன்பே காப்பு நகலுக்கு வழி செய்ய வேண்டும். முக்கியக் கோப்புகளுக்கு மூன்று படிகள் இருப்பது நல்லது. அவற்றை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் வைக்க வேண்டும். ஒரு படியாவது வீட்டிற்கு வெளியே, எடுத்துக்காட்டாக இணையச் சேமிப்பகத்தில், இருக்க வேண்டும். "நாளை இந்தக் கணினி திறக்காவிட்டால், பள்ளி நூலகக் கணினியில் அமர்ந்து வேலையைத் தொடர முடியுமா?" என்ற கேள்விக்கு "முடியும்" என்று பதில் சொல்லக்கூடியவரே பழைய கணினியை நம்பி இறங்கலாம். இவ்வேற்பாட்டைச் செய்துவிட்டால், கணினி பழுதாவது பேரிழப்பாக இராது. ஒரு நாள் இடையூறாகவே முடியும்.

விட்டுவிட வேண்டிய நேரம்

சில சூழல்களில் மேம்படுத்தாமல் விடுவதே அறிவுடைமை. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைக் கூட்ட இயலாது. சிலவற்றில் வட்டையும் மாற்ற முடியாது. வாங்கும்போதே இதனை அறிந்துகொள்வது பிற்காலத்தில் கைகொடுக்கும்.

இயங்குதளமும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட செயலியும் தேவை. பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்காத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்தானது. இத்தகைய கணினிகளில் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம். ஆனால், கல்லூரி கேட்கும் மென்பொருள்கள் அதில் இயங்குமா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மின்கலம் வீங்கியிருந்தால் தாமதிக்கக் கூடாது. தொடுதளம் மேலெழும்பி நிற்பதும் மூடி சரியாக மூடாமல் இருப்பதும் அதன் அறிகுறிகள். வீங்கிய மின்கலம் தீப்பற்றக்கூடும். அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது. கணினியை உடனே அணைத்து, பழுதுபார்ப்பதில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே முறையாகும்.

கழிவாகும் முன்

மடிக்கணினி ஒன்றைக் கைவிடுவது தனியொருவரின் பணத்தை மட்டும் பொறுத்ததன்று. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 62 மில்லியன் டன் மின்னியல் கழிவு உருவானதாக ஐக்கிய நாட்டு அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. ஒரு மடிக்கணினியால் உண்டாகும் கரிமவளி வெளியேற்றத்தில் பெரும்பகுதி, அது உற்பத்தியாகும் கட்டத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே, இருக்கும் கணினியைக் கூடுதலாக ஓராண்டு பயன்படுத்துவதும் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உதவியே.

மலேசியாவில் மின்னியல் கழிவுகள், 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளின் கீழ் எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. உயிர்விட்ட கணினியை வீட்டுக் குப்பையோடு சேர்த்து எறியாமல், மின்னியல் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன், அதிலுள்ள சொந்தத் தகவல்களை அழிப்பதும், பயன்படக்கூடிய வட்டைக் கழற்றி எடுத்துக்கொள்வதும் தேவை.

பழைய மடிக்கணினி இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அது நாளையே நின்றாலும் இழப்பது எவ்வளவு என்பதை மட்டும் இன்றே கணக்கிட முடியும். அந்த இழப்பு தாங்கக்கூடியதாக இருந்தால், மேம்படுத்துவதில் தவறில்லை. தாங்க முடியாததாக இருந்தால், கடைக்காரர் எவ்வளவு மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் அச்செலவு அதிகமே.

சிந்தித்து விடையளிக்க

1. மடிக்கணினியின் முதுமைத் தொல்லைக்கும் பிறவிக் குறைக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறிப்பிடுக.
2. வரைகலைச் சில்லின் இணைப்பில் விரிசல் ஏற்படும் விதத்தைச் சொந்த நடையில் விளக்குக.
3. எஸ்.எஸ்.டி.க்குச் செலவிடும் பணமும் நினைவகத்திற்குச் செலவிடும் பணமும் ஒன்றல்ல என்று கட்டுரை கூறுவதன் காரணம் என்ன?
4. புதிய மடிக்கணினியின் விலை 3,000 ரிங்கிட். அது ஐந்தாண்டுகள் உழைக்கும். பழைய கணினியை மேம்படுத்த 400 ரிங்கிட் ஆகும். அதில் 200 ரிங்கிட் திரும்பப் பயன்படும். போட்ட பணம் ஈடாக அக்கணினி எத்தனை மாதங்கள் ஓட வேண்டும்? கணக்கிட்டு, உமது முடிவைக் காரணத்துடன் எழுதுக.
5. உமது வீட்டிலுள்ள பழைய சாதனம் ஒன்றைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்பது குறித்துக் குழுவில் கலந்துரையாடுக.